கரகரக்கும் கம்பி

ஏழு மாதம் கழித்து இப்போதுதான் பேசிக்கொள்கிறார்கள், நாம் குறுக்கே போகக் கூடாது என்று கனகா நினைத்துக்கொண்டாள்.

பீங்கான் ஆலை வேலையை விட்டுவிட்டு மகன் பிரவீன் கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போனதிலிருந்து, அப்பா கொளஞ்சிநாதன் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. இன்று ஆம்ப்ளிஃபயர் கரகரத்ததைப் பொறுக்காமல் அவரே ஸ்குரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தார்.

“ஒயர மாத்துனியா?”

“மாத்திட்டேன்ப்பா. ஹெட்போன்ல சுத்தமா கேக்குது. மொத்தமான கம்பிய தட்டுனாதான் கரகரங்குது.”

“அப்ப ஸ்பீக்கர்தான். நீ புடி, நான் கழட்டறேன். மண்டைய நவுத்துடா, வெளிச்சம் மறைக்குது.”

பிரவீன் சிரித்தான். ஸ்பீக்கரில் கிழிசல் எதுவும் இல்லை. திரும்ப மாட்டிக் கம்பியைத் தட்டினான். அதே கரகரப்பு.

அலமாரியோரம் நின்ற கனகா, ஊறுகாய் ஜாடியின் பீங்கான் மூடியை ஒரு விரலால் அழுத்தினாள். கரகரப்பு நின்றது. அவர்கள் நிமிர்வதற்குள் விரலை எடுத்துவிட்டாள். மூடி பழையபடி நடுங்கியது. சத்தம் இந்த மூடியிலிருந்துதான் வருகிறது என்று காலையிலேயே அவள் கண்டுபிடித்திருந்தாள்.

“கனகா, ரேடியோ ரிப்பேர் பண்ற மெக்கானிக்கோட நம்பர குடு. வந்து பாக்கட்டும்.”

“அவரு எதுக்குங்க? நீங்க ரெண்டு பேருமே பாருங்க” என்றாள் கனகா.