சமக்குறிக்கு அந்தப் பக்கம்

கரும்பலகையில் ஒரு கணக்கு. இடப்பக்கம் எக்ஸும் ஓர் ஏழும் கூட்டல் குறியால் கைகோத்து நின்றன. நடுவில் சமக்குறி காவல் இருந்தது. வலப்பக்கம் இன்னோர் ஏழு தனியாக நின்றது.

எக்ஸுக்குத் தன் மதிப்பு என்னவென்று தெரியாது. லட்சத்துக்குக் குறையாது என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தது.

சாக்பீஸ் நெருங்கி வந்தது.

"கிளம்பு," என்று எக்ஸ் பக்கத்து ஏழை அதட்டியது. "நீ ஒட்டிக்கிட்டு நிக்கிறதாலதான் என் மதிப்பு வெளியே தெரியல."

ஏழு கூட்டல் குறியை இறுகப் பிடித்துக்கொண்டது. "சமக்குறியைத் தாண்டினா நான் கழித்தலா மாறிடுவேன். அங்கே நிக்கிறது என் அண்ணன். ரெண்டு பேருமே இல்லாமப் போயிடுவோம்."

"அது உங்க குடும்ப விஷயம்."

ஏழு சமக்குறியைக் கெஞ்சுவதுபோல் பார்த்தது.

"தாண்டுறவங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா," என்றது சமக்குறி.

"தம்பி, வராதே!" என்று அந்தப் பக்கத்து ஏழு கத்தியது.

அதற்குள் எக்ஸ் பிடித்துத் தள்ளிவிட்டது. தம்பி கழித்தல் குறியோடு போய் அண்ணன்மேல் விழுந்தது. சாக்பீஸ் இரண்டின் மேலும் ஒரு கோடு இழுத்தது. சத்தம் அடங்கியது.

எக்ஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "இப்பச் சொல்லு, நான் எவ்வளவு?"

சமக்குறி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே, அண்ணனும் தம்பியும் இல்லாத இடத்தில், சாக்பீஸ் நிதானமாக ஒரு சைபரைச் சுழித்துக்கொண்டிருந்தது.