வைக்கோல் தொட்டில்

குழந்தையைக் காணோம். பெற்றவள் மண்டியிட்டுக் கைகூப்பி வெறும் வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கம்பை ஊன்றி நின்றிருந்தார். இத்தனை பேர் சுற்றி நின்றும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பார்கள், அத்தனையும் பொம்மை. கடற்கரைச் சாலைப் பக்கம் போட்டிருந்த கிறிஸ்துமஸ் குடிலில் மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆட்டுக்குட்டி, ஒட்டகம் எல்லாம் முழ உயரத்தில் நின்றன. யாரைப் பார்க்க வந்தார்களோ, அந்தக் குழந்தை ஏசு மட்டும் தொட்டிலில் இல்லை.

அன்புசெல்வி சட்டென்று மகன் பக்கம் திரும்பினாள். சற்று முன்தான் அவள் மகன் இனியவன் கயிற்றுக்கு அடியில் புகுந்து உள்ளே போய் வந்தான். யு.கே.ஜி. படிக்கிற பயல். போன மாசம் பக்கத்து வீட்டுக் கார் பொம்மை அவன் பையிலிருந்து வந்து, அவர்கள் குடியிருக்கும் வைத்திக்குப்பமே ரெண்டு வாரம் அதைப் பேசித் தீர்த்தது.

மகனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனாள். "கையக் காட்டுடா."

விரலிடுக்கில் வைக்கோல்.

"எடுத்தியா?"

"இல்லம்மா. சும்மா தொட்டுப் பாத்தேன். அங்க ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாமதான் ராஜாவுங்க ஒட்டகத்துல ஏறி வந்தாங்களா? சாமிடா அது. எங்க ஒளிச்ச?"

தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். பையன் அழுதுகொண்டே சொன்னதையே சொன்னான். எல்லாப் பையையும் துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அஞ்சு வயசில் இந்த அழுத்தமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் புருஷன் பாலகுரு, தூங்கிப்போன சின்னவள் கலைவாணியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னா செல்வி, மூஞ்சி இப்டி இருக்குது? வாசல்ல அந்தக் குல்லாப் பொண்ணு சொன்னாப்ல, இருபத்தஞ்சுக்கு அப்பறமா வந்திருக்கணும்போல."

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்க போயி வண்டிய எடுங்க."

அவனிடம் சொன்னால் பையன் முதுகு பழுத்துவிடும். சொல்லாமல் கிளம்பினாலும் தப்ப முடியாது. கயிற்றைத் தாண்டியவனைப் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். திருட்டுப் பயல் என்று பெயர் நிலைத்துவிட்டால் அப்புறம் எந்த வீட்டு வாசலில் அவனைச் சேர்ப்பார்கள்?

சின்னவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பாப்பா தொங்கிக்கொண்டிருந்தது. அளவும் சரியாக இருந்தது. அன்புசெல்வி அதை நைசாக உருவிக்கொண்டு புருஷனை வண்டிப் பக்கம் அனுப்பினாள்.

அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாயை வாரி இறைக்க, கூட்டம் மொத்தமும் அங்கே ஓடியது. இவள் பாப்பாவின் கவுனைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கயிற்றைத் தாண்டிப் போய் வைக்கோலில் படுக்க வைத்தாள்.

"சாமி, சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டான். மன்னிச்சுக்க," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

எதிரே நின்றாள், வாசலில் பார்த்த அதே சிவப்புக் குல்லாப் பெண். தொட்டிலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்புசெல்வி தன் முந்தானையைப் பிடித்து விசும்பிக்கொண்டிருந்த மகனை முன்னால் இழுத்தாள். "இவன்தாம்மா எடுத்தான். வெவரம் தெரியாத புள்ள. வேற கொழந்த வச்சிட்டேன், போலீசு கீலீசுனு போயிடாதீங்க."

அந்தப் பெண் குனிந்து பிளாஸ்டிக் பாப்பாவை எடுத்து இனியவன் கையில் கொடுத்தாள்.

"இருபத்தி நாலு ராத்திரிதானக்கா தொட்டில்ல வைப்போம். கொழந்த இன்னும் பொறக்கவே இல்லியே."