சக்கரமில்லாத வண்டி

வல்லம் ஏரிக்கரையில், டிராக்டர் டிரெய்லர்மேல், வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறது உல்லாச மோட்டார் படகு. மதராஸ் பணக்காரர் ஒருவரிடமிருந்து பாங்கு ஜப்தி செய்ததை ஏலத்தில் எடுத்தவர் முனிரத்தினம். ஏரியிலோ எருமைக்கு முட்டி நனையத்தான் தண்ணீர். கையில் நான்கு எலுமிச்சம்பழங்களோடு அவர் படகைச் சுற்றிச் சுற்றி வருகிறார். புது வண்டியென்றால் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கவேண்டும், இதற்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? "இன்னா மாமா, கப்பலு தாகமா கீது, ஒரு கொடம் தண்ணி ஊத்தட்டா?" என்கிறான் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் மைத்துனன் அப்பாவு. கரையே சிரிக்கிறது. முனிரத்தினமும் சேர்ந்து சிரித்துவைக்கிறார். கண் மட்டும் புளியமரத்தடியில். ஏலத்தன்று பேச்சை நிறுத்திய மனைவி காந்திமதி அங்கே கைகட்டி நிற்கிறாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அவள் ஏறாவிட்டால் இது வெறும் தொட்டி. படகின் பித்தளைக் கம்பியில் பட்ட வெயில் அவள் மூக்குத்தியில் மின்னுகிறது. அவள் வருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணியில் ஏறிச் சிவப்பு மெத்தை இருக்கையில் நிமிர்ந்து உட்காருகிறாள். "டிரெய்லருக்குச் சக்கரம் கீதுல்ல? அதுல வச்சிட்டு ஏறுய்யா. டேய் அப்பாவு, சிரிச்சது போதும், எடுடா வண்டிய. ஊர ஒரு ரவுண்டு வரலாம்." பழங்கள் நசுங்கி வாசனை அடிக்கிறது. கொக்குகளெல்லாம் எழும்பிப் பறக்க, முனிரத்தினத்தின் கப்பல் ஆரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறது.