விலை கூடின திரை

“இதிலும் விலை கூடினது இல்லையோ?”

வைத்திலிங்கம் இப்படிக் கேட்டதும் கஜானி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கிலோ சூடை மீனுக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற மனிதர் அவர். புங்குடுதீவில் அவரைக் கண்டால் மீன்காரன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடுவான். அவர்தான் யாழ்ப்பாணத்து டேப்லெட் கடைக்குள் நின்று இப்படிக் கேட்கிறார்.

கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஐயா, ரெண்டுக்கும் கமரா ஒண்டுதான். இது புதுத் திரை, அதுதான் ரெண்டு மடங்கு விலை. வீடியோக் கோல் கதைக்கத்தானே? மற்றதே காணும்.”

“சுவிஸ் மாப்பிளை. என்ரை பிள்ளை அவருக்குத் துலக்கமாய்த் தெரியோணும்.”

“திரை நல்லதெண்டால் அவர்தான் உங்களுக்குத் துலக்கமாய்த் தெரிவார், ஐயா. உங்கடை பிள்ளை அவருக்கு எப்பவும் போலத்தான் தெரிவா.”

“அதெப்பிடி? நல்ல கண்ணாடிக்கு முன்னால நிண்டால் ஆளும் நல்லாத்தானே தெரியும்?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் எழுதினாள். விலை கூடினதை விற்க அவளுக்கென்ன கசக்கவா போகிறது?

குறிகட்டுவான் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி வரும்போது பெட்டி கஜானியின் மடியில் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அம்மா போன பிறகு அப்பா அவளுக்கென்று ஆசையாய் வாங்கிய ஒரே பொருள் இதுதான் என்று நினைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. நிறம் காணாதென்று இரண்டு சம்பந்தம் தட்டிப் போனது, வயது கூடிப்போச்சென்று இன்னும் மூன்று. தங்கை தனுசியாவை லண்டனில் இருந்து நல்ல இடத்தில் கேட்டிருந்தார்கள். ஆனால் மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்க வைத்திலிங்கத்தின் மானம் இடம் கொடுக்கவில்லை. லண்டன்காரர் ஆவணி வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சஞ்சீவன் அகப்பட்டான். சுவிஸில் தனியாய் இருக்கிறானாம். சீதனமாய் நல்லூரில் இருக்கிற காணியை எழுதினால் போதுமாம். வந்து தாலி கட்டிவிட்டுப் போய், பிறகு அவளைக் கூப்பிடுவானாம்.

மூன்று தரம் பழைய போனில் கதைத்தாயிற்று. வெடித்த திரையில், அதுவும் குனிந்த தலையோடு, கஜானி கண்டது ஒரு மீசையும் அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அசைந்த ஒரு கறுப்புத் திட்டும்தான். அப்பா மட்டும் அதிலும் குறை பிடித்தார். “மாப்பிளை வீட்டு மணிக்கூடு ஏழு நிமிசம் பிந்தி ஓடுது” என்றார். சுவரில் மணிக்கூடு இருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு பின்னேரம் நாள் வைக்கிற பேச்சு. வைத்திலிங்கம் டேப்லெட்டை மேசையில் நிறுத்தி, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக் கஜானியை இருத்தினார். தனுசியா குசினி வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“தலையைக் குனிஞ்சுகொண்டு இரு. மாப்பிளையை முழிச்சுப் பார்க்கிற பெட்டை எண்டு கதை வரக்கூடாது.”

“சரியப்பா.”

சஞ்சீவன் வந்தான். குரலில் தேன் ஒழுகியது.

“மாமா, வாற மாசம் ஒன்பதாந் திகதி வந்திறங்கிறன். முதல்ல காணி எழுத்து, பேந்து தாலி. எல்லாம் முடியக் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுப்பம்.” அவன் சிரித்தான். “ஏன் கஜானி, நீர் கதைக்கமாட்டீரோ? ஒருக்கா நிமிர்ந்து பாருமன்.”

மாப்பிள்ளையே சொன்ன பிறகு என்ன? கஜானி நிமிர்ந்தாள்.

கொட்டிக் கொடுத்த காசு வீண் போகவில்லை. மீசையில் நரையை எண்ணலாம் போல இருந்தது. அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அந்தக் கறுப்புத் திட்டு இப்போது திட்டாக இல்லை. அவனுக்கு எதிரே இருந்த ஒரு பெண், மடியில் குழந்தையோடு, அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்தாள். அவன் பேச்சைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மேலே சுவரில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் அதே பெண் மாலையோடு நிற்க, தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளைக்கும் இதே மீசை.

கஜானி எட்டித் திரையைத் தொட்டு, தங்கள் பக்கத்துச் சத்தம் அங்கே கேட்காமல் நிறுத்தினாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“அப்பா, அலுமாரிக் கண்ணாடியைப் பாருங்கோ. இவனுக்குப் பெண்சாதி பிள்ளை இருக்கு. காணியை வாங்கிக்கொண்டு என்னை இஞ்சையே விட்டிட்டுப் போகப் போறான்.” அழுகையும் ஆறுதலும் சேர்ந்து வந்தன. “நல்ல காலம், நீங்கள் இந்தத் திரையை வாங்கினியள். இல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

வைத்திலிங்கம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற தனுசியாவைப் பார்த்தார்.

பிறகு மூத்தவளின் உச்சந்தலையில் கையை வைத்து மெதுவாய்க் குனிய வைத்தார்.

“எனக்குப் பழைய போனிலையே தெரிஞ்சது, பிள்ளை.”