ஓடையில் கழுவிய ஜீப்

ஓடைக்கரை வனப்பூங்காவின் அலுவலக அறையில் மேனேஜர் ராஜேந்திரன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் நவீன் ஜன்னலோர ஸ்டூலில். காவல் பார்க்கும் முத்தாயியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“என் ஜீப் ஒர்க்‌ஷாப்புல கெடக்குது, பஸ்ல நசுங்கி வந்திருக்கறேன். நேத்து வந்தவங்க வண்டிச் சாவியை ஏம்மா புடுங்குனே?” என்றார் மேனேஜர்.

“ஓடைக்குள்ளயே வண்டியை எறக்கி சோப்புப் போட்டுக் கழுவுனாங்க சார். மீனு குஞ்சு பொரிக்கிற எடமுங்க.”

“பேரு சொல்லாம சேலம் ஆபீசுக்குப் போன் போட்டுட்டாங்க. ஆபீசுக்கு மன்னிப்பு எழுதி, சாவியையும் அதுலயே வெச்சு அனுப்பு. இல்லீன்னா வேலை போயிரும்.”

“போனாப் போகுதுங்க. மன்னிப்பு மட்டும் வராதுங்க.” முத்தாயி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்குக்கா தாளை வீணடிக்கறீங்க?” என்று நவீன் சிரித்தான்.

முத்தாயி நாள், நேரம், நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். கடைசி வரி: ‘மறுபடி கழுவினால் மறுபடியும் சாவியை எடுப்பேன்.’ பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பு மணி கோத்த சாவி வெளியே வந்தது.

மேனேஜர் எழுந்தேவிட்டார். “இது என் ஜீப்புச் சாவியாச்சே! ஒர்க்‌ஷாப்புல விட்டிருக்கறதா எம்பையன் தினேஷ் சொன்னானே!”

“ஜீப்பு ஓடைக்கரையிலதானுங்க நிக்குது. தம்பி பேரையும் எழுதியிருக்கறனுங்க.”

“குடும்மா, நமக்குள்ள பேசிக்கலாம்.”

“நீங்கதானுங்க சார் அதுலயே வெச்சு அனுப்பச் சொன்னீங்க.”

உறைக்குள் சாவியைப் போட்டு, பசை தடவி அழுத்தி ஒட்டி, வாசலில் வந்து நின்ற சேலம் பஸ் கண்டக்டரின் கையில் கொடுத்தாள்.