விரலில் ஒட்டாத மை

வேலை நேரத்தில், உதடெல்லாம் மஞ்சளாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து கிடக்கும் ஓர் ஆளைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

நாங்கள் சம்சு சாராயம் என்றுதான் நினைத்தோம்.

"மஞ்சக் கிழங்கை மென்னா வாடை அடிக்காதாம். எல்லாம் தெரிஞ்ச ஆளுடி!" என்றாள் பொன்னம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காஜா பெராங் தெருவில் ஜெய்னுலாப்தீன் முதலாளியின் அச்சகம். அச்சான தாளைக் கொடியில் காயப் போட்டு, காய்ந்ததும் அடுக்கிக் கட்டுவது எனக்கும் பொன்னம்மாவுக்கும் வேலை. சுவரோரம் கிடந்த மருதமுத்து அண்ணன்தான் மை கலக்குபவர்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்கா நாளுக்கு ஆறே நாள் இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மிட்டாய்க்குச் சுற்றுத்தாள் அடித்துக்கொண்டிருந்தோம். சிவப்புக் கோடு, நீல மூலை, அதில் மஞ்சள் பிறையும் நட்சத்திரமும். கொடியில் தொங்கும்போது கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

வழக்கமான மஞ்சள் மை கப்பலில் வந்து சேரவில்லை. முதலாளி பெயின்ட் கடையில் மஞ்சள் பொடி வாங்கி வந்தார். அண்ணன் அதில் எண்ணெய் விட்டு, சீக்கிரம் காய மருந்தும் சேர்த்துக் குழைத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. நாங்கள் அடுக்கி வைத்த தாளை எல்லாம் "காயல" என்று தள்ளிவிட்டார்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. விரல்ல ஒட்டவே இல்ல!"

"காயலம்மா."

சொல்லிவிட்டு, கட்டுக்கட்டாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார். நாலு நாளில் மூன்று தடவை!

"குடிச்சிட்டுக் கொளுத்துறாரு. ஆர்டர் கைவிட்டுப் போனா அவரு வேலை மட்டுமா போகும்? நம்ம வேலையும்தான்," என்றாள் பொன்னம்மா.

எனக்கும் அதே பயம். நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

முதலாளி வந்த வேகத்தில் கட்டியிருந்த சாரம் காலைத் தடுக்கியது.

"மருதமுத்து! எந்திரி. வாயை ஊது!"

அண்ணன் எழுந்து ஊதினார். முதலாளி மூக்கைச் சுளித்தார்.

"சாராய வாடை இல்லையே... எண்ணெய் வாடைதான அடிக்குது! ஏன்யா, என் தாளை எதுக்குக் கொளுத்துன?"

"மை காயல முதலாளி."

"விஜயா விரல்ல ஒட்டலங்குதே?" என்று என்னைக் காட்டினார்.

"விரல்ல ஒட்டாது."

அண்ணன் நான் கட்டி வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். எங்கள் மூன்று பேர் கண் முன்னாலேயே, பிறையை நாக்கால் நக்கினார்.

"யா அல்லாஹ்!" என்றார் முதலாளி.

பொன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் நாக்கை நீட்டினார். பளிச்சென்று மஞ்சள்.

"மிட்டாயைத் தின்னுட்டு எந்தப் பிள்ளை முதலாளி தாளைச் சும்மா போடுது? ஒட்டியிருக்கிற இனிப்பு தீர்ற வரைக்கும் நக்கும். விரலுக்குக் காஞ்ச மை எச்சில்ல கரையுது. எண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், மருந்தைக் குறைச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு கலவையையும் நக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கு. நாலு நாளா வயிறு முறுக்கிப் பிழியுது. அந்தப் பொடியில என்ன எழவு இருக்கோ!"

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னய்யா?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'விரல்ல ஒட்டுதா'ன்னு கேட்டீங்க. இல்லேன்னேன். போயிட்டீங்க."

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"மஞ்சளே வேணாம். பிறையும் நட்சத்திரமும் வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும். ஆர்டர் குடுத்த காதர் மைதீன் மிட்டாய்க்கடையில நான் பேசிக்கிறேன். நீ முதல்ல போய் ஆஸ்பத்திரியில வயித்தைக் காட்டு."

போகத் திரும்பியவர் நின்றார். "அடிச்ச தாள் எதுவும் வெளிய போகலியே?"

"ஒண்ணுகூடப் போகல முதலாளி," என்றார் அண்ணன். "எல்லாம் சாம்பல்."

என் கை தானாக இடுப்பைத் தொட்டது.

கொளுத்த எடுத்து வைத்த கட்டிலிருந்து மூன்று தடவையும் பத்துப் பதினைந்து தாளை உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறேன். வீணாகப் போவதுதானே, பிள்ளை விளையாடட்டும் என்று. என் மகள் மல்லிகாவுக்கு நாலு வயசு. வெல்லத்தைக் கிள்ளி அந்தத் தாளில் சுற்றி மிட்டாய்க்கடை வைப்பாள். விற்பவளும் அவள்தான், வாங்கித் தின்பவளும் அவள்தான். கடைசியில் தாளை நக்கி நக்கி வெள்ளையாக்கிக் காட்டுவாள். நானும் கைதட்டிச் சிரிப்பேன்.

காலையில் "வயிறு வலிக்குதும்மா" என்றாள். சாப்பிடாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன்.

"அண்ணே..."

"என்னம்மா?"

குடிகாரர் என்று நான் கோள் சொன்ன மனுஷரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தாளைத் திருடினது நான்தான். என்னை எது வேணும்னாலும் அப்புறம் சொல்லுங்க. இப்ப என் மகளையும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் அண்ணே... அந்த மையில என்னென்ன கலந்தீங்கன்னு, ஒண்ணு விடாம டாக்டர்கிட்டச் சொல்லுங்க."