ஒரு ஃபைல்தானே!

"சாஃப்ட்வேர் பில்டு மறுபடியும் பாதியில நின்னு போச்சா?" மேலாளர் எரிந்து விழுந்தார்.

"ஒரு ஃபைல் காப்பி ஆகலை சார்," என்றாள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

"இத்தனை நாளா நிக்காதது இப்ப ஏன் நிக்குது?"

"காப்பி ஆகலைன்னாலும் கண்டுக்காம மேல போன்னு பில்டு பண்ற ஸ்கிரிப்ட்ல ஒரு வரி இருந்துச்சு. அதை எடுத்துட்டேன்."

"அது நான் எழுதின வரி! ஒரு ஃபைல்தானே, திரும்பப் போடு. சாயங்காலத்துக்குள்ள பேஷண்ட் மானிட்டர் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் வேற வக்கீலைப் பார்க்கணும். ஐசியூவுல எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சப்போ, பக்கத்து அறையில இருந்த நர்ஸ் எட்டிக்கூடப் பார்க்கலை. அவளைச் சும்மா விடமாட்டேன்."

அந்தப் பெண் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அங்க இருந்ததும் நம்ம மானிட்டர்தானே சார்?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"காப்பி ஆகாம விட்டுப்போறது அலாரம் சத்தத்தோட ஃபைல் சார். போன தடவை அனுப்பினதுலயும் அது இல்லை. அந்த நர்ஸுக்கு எதுவும் கேட்டிருக்காது."

மேலாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போன தடவை அனுப்பினதெல்லாம்... இப்ப யார் யார் கட்டில் பக்கத்துல இருக்கு?"